ஈயத்தைவிடக் கனமானது

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பழைய இரும்பு எடுத்து விற்பவர்கள் நடுவில் கல்பனாவுக்கு ஒரு பெயர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். வைக்கிற துண்டு பித்தளையா, கன்மெட்டலா, எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, ஈயமா என்று சொல்லிவிடுவாள். எஸ்.எஸ்ஸில் எந்த ரகம் என்று பார்க்க மட்டும்தான் முதலாளி ஹேமநாத் தன்னுடைய கன்னை எடுப்பார். கன் என்பது துப்பாக்கி மாதிரியே பிடி வைத்த ஒரு கருவி. உலோகத்தின் மேல் அழுத்தினால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். அவருடைய பழைய இரும்பு யார்டில் முப்பது பெண்கள் சுத்தியலும் காந்தமும் வைத்துக்கொண்டு பிரித்தார்கள். கல்பனா மட்டும் பதினொரு வருடமாக வெறுங்கையால் பிரித்தாள்.

அந்தக் கைப்பழக்கம் இறாலிலிருந்து வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரி அவள். பத்து வயதிலிருந்து ஏலக்கூடத்தில் உட்கார்ந்து, கிலோவுக்கு முப்பது நிற்கும் இறால் எது, நாற்பது நிற்பது எது என்று தராசு இல்லாமல் பிரித்துப் போட்டவள். முகத்துவாரம் மண் மூடி மீன் வரத்து குறைந்த வருடத்தில் அவள் புருஷன் அன்புராஜ் படகில் தனக்கிருந்த பங்கை விற்றான். இருவரும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் அதே யார்டில் கேஸ் கட்டிங்கும் கிரைண்டரும் பிடித்தான். மகள் மோனிகா பொன்னேரியில் நர்சிங் படித்தாள். குப்பத்துக்குத் திரும்பிப் போகிற யோசனை இருவருக்குமே வந்ததில்லை.

ஹேமநாத் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும், சாமி படத்துக்குச் சூடம் காட்டுவதற்கு முன்பே, போனில் லண்டன் செம்பு ரேட்டைப் பார்ப்பார். ஏறியிருந்தால் பெண்களுக்கு டீயோடு பிஸ்கட் வரும். இறங்கியிருந்தால் டீ மட்டும். எங்கேயோ சிலி நாட்டுச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தால் கும்மிடிப்பூண்டியில் பிஸ்கட் கிடைக்கும் என்பது கல்பனாவுக்குப் பழகிப்போன விஷயம்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை, காக்களூரிலிருந்து ஒரு லாரி வந்தது. அங்கே குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. முதலாளி கடனில் மூழ்கி ஓடிப்போக, எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அந்தக் கொட்டகையை இடத்துச் சொந்தக்காரர் உடைத்து, உள்ளே இருந்ததை மொத்தமாக ஹேமநாத்துக்குத் தள்ளிவிட்டார். இரும்பு அலமாரி, குழாய்த் துண்டு, கட்டுக்கட்டாக எக்ஸ்ரே பிலிம். பிலிமில் வெள்ளி இருக்கும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

லாரியிலிருந்து தள்ளும்போது மஞ்சள் நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி கீழே விழுந்தது. டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான். ஆனால் விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. உருளவில்லை, துள்ளவில்லை. மழை ஈரத்தில் அரை ஜாண் ஆழம் இறங்கி அப்படியே நின்றது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரோஜா, “இன்னாக்கா, உள்ள எவனாவது பூமிய அடச்சி வச்சிக்கினானா?” என்று சிரித்தாள்.

கல்பனா குனிந்து கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். இருபது கிலோவுக்கு மேல். பெட்டியின் அளவும் கனமும் ஒத்துப்போகவில்லை. உள்ளே ஈயம் வார்த்திருந்தால்கூட இவ்வளவு வராது. அவள் கைக்குத் தெரியாத கனம் அது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பதில் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருந்து பாதி சுரண்டப்பட்டிருந்தது. மஞ்சளில் கறுப்பாக, மின்விசிறி இறக்கை மாதிரி ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

“சார், இது ஈயம் இல்ல” என்று ஹேமநாத்திடம் போய்ச் சொன்னாள். “ஈயத்தவிட கனமா கீது. டங்ஸ்டனா இருக்கலாம்.”

டங்ஸ்டன் என்றதும் ஹேமநாத் நிமிர்ந்து உட்கார்ந்தார். டங்ஸ்டனுக்கு நல்ல விலை.

மறுநாள் அன்புராஜ் கிரைண்டரால் பெட்டியின் வெளி ஓட்டை அறுத்தான். தகட்டுக்குக் கீழே மங்கலான கறுப்பு நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. பிளேடு அதன் மேல் உரசியதும் பொறி பறந்தது. இரும்புப் பொறி சிவந்து பறந்து தரையில் விழுந்ததும் அணைந்துவிடும். இது வெள்ளையாகப் பறந்தது, விழுந்த இடத்திலும் நின்று எரிந்தது. ஈர மண்ணில் கூட எரிந்தது. எரிந்து முடிந்த இடத்தில் கறுப்புத் தூள் கிடந்தது. அன்புராஜ் முகத்தில் கட்டியிருந்த துண்டை இழுத்துவிட்டு இருமினான்.

ஹேமநாத் கன்னை எடுத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவையும் அதே எழுத்துதான் வந்தது. யு. பக்கத்தில் தொண்ணூற்றொன்பது சொச்சம்.

போனில் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “யுரேனியம்.”

அன்புராஜ் கிரைண்டரைக் கீழே வைத்தான். அந்தச் சொல்லை அவர்கள் டிவியில்தான் கேட்டிருந்தார்கள். அணுகுண்டு, ஈரான், கூடங்குளம். அது இப்படித் தங்கள் காலடியில் சேற்றில் கிடக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

“போலீசுக்குச் சொல்லிடலாம் சார்” என்றாள் கல்பனா.

“சொல்லலாம், சொல்லலாம். இரு” என்றார் ஹேமநாத். அவர் கண் போனை விட்டு நகரவில்லை.

அன்று முழுக்க அவர் செம்பு ரேட்டைப் பார்க்கவில்லை. சாயங்காலம் கல்பனா கணக்குச் சீட்டு கொடுக்கப் போனபோது தானாகவே பேச ஆரம்பித்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு. “செம்பு மாதிரி இத தினமும் கூவி விக்கிறதில்ல கல்பனா. கரண்டு கம்பெனிக்காரன் பத்து வருசத்துக்கு எழுதி வாங்கிக்கிறான். வாரத்துக்கு ஒரு தபா ரேட்டு சொல்றதுக்குன்னே ரெண்டு மூணு கம்பெனி கீது. ஒரு பவுண்டு, அதான் அரக் கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, எம்பது டாலர் போவுது. போன வருசம் நூறையே தாண்டிச்சாம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்லாம் இப்ப அணு கரண்டு வேணும்ங்கிறான். சரக்கு வாங்கி, விக்காம, பூட்டி வச்சிக்கினு உக்காந்துக்கிறதுக்குன்னே பெரிய ஆளுங்க கீறாங்க.”

“வாங்கி பூட்டி வச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?”

“ரேட்டு ஏறும்ல.”

அவர் கணக்குப்படி அந்தக் கட்டிக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் வந்தது. பெரிய தொகைதான், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் தொகை அல்ல. அது தணிகாசலம் வரும்வரை.

தணிகாசலம் புதன்கிழமை காலை நாஷ்டா நேரத்துக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா எல்லையில் அவனுக்கு ஊர். எந்தச் சரக்குக்கும் வாங்குவதற்கு ஒரு பார்ட்டி வைத்திருப்பவன். முன்பு கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியவன். அந்த மோசடி வழக்கில் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டும் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டது ஹேமநாத்தான்.

அவன் கட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சிரித்தான். “ரெண்டு லட்சமா? நைனா, நீ பாத்த ரேட்டு மண்ணுலேர்ந்து எடுக்கிற மஞ்சத் தூளுக்கு. இது சுத்தம் பண்ண கட்டி. கோடியில பேசணும். கஜகஸ்தான்ல மண்ண கரைக்கிற ஆசிட் கெடைக்காம மைன் பாதி படுத்துட்ச்சு. நைஜர்ல பட்டாளம் புட்ச்சிக்கினு பிரெஞ்சுக்காரன வெரட்டிட்ச்சு. உலகமே இந்த சரக்க தேடிக்கினு கீது. டப்பு எண்ண ஆள் வைக்கணும் நீ.”

ஆசிட் என்றதும் கல்பனா திரும்பிப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் தினமும் ஆசிட் டேங்கர்கள் போகும். அது இல்லாமல் எங்கோ ஒரு நாட்டில் சுரங்கம் நின்றுபோகும் என்பதும், அதனால் இங்கே ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நிற்பான் என்பதும் அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

“பார்ட்டி மெட்ராஸ்ல கீறாரு. சாம்பிள் கேப்பாரு” என்றான் தணிகாசலம். கட்டியின் ஒரு முனையில் பூட்டு மாதிரி ஒரு திருகு அமைப்பு இருந்தது. அதைத் தட்டிக் காட்டினான். “இவ்ளோ பெரிய பூட்டு எதுக்கு? வெளிய இருக்கிறது ஓடு. சுத்தமான சரக்கு உள்ள கீது.”

அன்புராஜ் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தான். பூட்டு உடைய அரை மணி நேரம் ஆனது. பத்தடி தள்ளி பிலிம் கட்டுகளைப் பிரித்துக்கொண்டே கல்பனா பார்த்தாள். பூட்டு கழன்றதும் உள்ளேயிருந்து ஜாண் நீளத்துக்கு சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி ஒன்று வந்தது. அதன் முனையில் பென்சில் முனை அளவுக்குப் பளபளவென்று ஒரு எஸ்.எஸ். குப்பி. அன்புராஜ் அந்த முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கல்பனா! இத கையில வச்சி இன்னான்னு சொல்லு” என்று ஹேமநாத் கூப்பிட்டார்.

அவள் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். கையைக்கூட நீட்டிவிட்டாள். அந்த நேரம் எடைமேடையில் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்து, சீட்டு கேட்டுக் கத்தினான். “இதோ வந்துட்டேன்” என்று அந்தப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது தணிகாசலம் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பதினொன்றே கால் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டிருந்தான். கட்டி ஹேமநாத்தின் மேஜைக்கு அடியில் போனது. மேலே ஒரு சாக்கு.

வெள்ளிக்கிழமை காலை அன்புராஜ் தட்டில் இட்லியைப் பிய்க்கத் திணறினான். கல்பனா அவன் கையை இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சிவந்து வீங்கியிருந்தன.

“இன்னாயா இது?”

“கிரைண்டர் பொறி பட்டுருக்கும். உடு.”

“பொறி பட்டா புள்ளி புள்ளியா இருக்கும். இது அடுப்புல வச்சி எடுத்தா மாதிரி கீது. எப்ப சுட்டுக்கின?”

“சுட்டுக்கல, கல்பு” என்றான் அவன். அவனுக்கே அது விளங்கவில்லை. “ஒண்ணுமே படல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து உள்ளேர்ந்து காந்துது.”

அந்த ‘உள்ளேர்ந்து’ என்ற சொல் அவளோடு யார்டு வரைக்கும் வந்தது. யார்டில் அவள் பிலிம் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உறைகளுக்கு நடுவே ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. அட்டையில் மஞ்சளில் கறுப்பு இறக்கை மூன்று, முழுசாக. பெட்டியில் பாதி சுரண்டியிருந்த அதே குறி. உள்ளே தேதிகளும் எண்களும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘டார்க் ரூம் – ஜெபா’ என்று ஒரு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

கக்கூஸ் பக்கம் போய் நின்று கல்பனா அந்த நம்பரை அழுத்தினாள். ஒரு இளம்பெண் எடுத்தாள். பிலிம் கழுவுகிற வேலையை விட்டு இப்போது காக்களூரிலேயே வேறொரு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். கல்பனா மஞ்சள் பெட்டி என்றதும் அவள் குறுக்கே புகுந்து கேட்டாள்.

“அக்கா, பொட்டிய தொறந்தீங்களா?”

“வெளிய அறுத்தாங்க. பூட்டயும் ஒடச்சாங்க.”

“உள்ள ஒரு சின்ன ஒயர் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அது இப்ப எங்க?”

“ஒருத்தன் பாக்கெட்ல போட்டுக்கினு போய்ட்டான். முந்தாநேத்து.”

ஜெபா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வேகமாகப் பேசினாள். வெல்டிங்கை ஊடுருவிப் படம் எடுக்கும் கதிர் அந்தக் குப்பிக்குள்தான் இருக்கிறது. அந்தக் கதிர் வெளியே வராமல் தடுக்கத்தான் அதைச் சுற்றி யுரேனியக் கட்டி. ஈயத்தைவிடக் கனம் என்பதால் அதைப் போடுகிறார்கள். “அந்தக் கட்டி உங்கள ஒடனே ஒண்ணும் செய்யாது அக்கா. அறுத்த தூள மூச்சுல இழுக்கக் கூடாது, அதான். கட்டி காவல் மாதிரி. நீங்க காவல ஒடச்சி உள்ள இருந்தத வெளிய உட்டுட்டீங்க.”

“கட்டிக்கு கோடி ரூவான்னு சொல்றாங்களே.”

“யாரு சொன்னது? மண்ணுலேர்ந்து எடுத்து, தூளாக்கி, காத்தாக்கி, சுத்த வச்சி, எரிபொருளுக்கு ஆவுற கொஞ்சத்த தனியா எடுத்துருவாங்க. அதுக்குத்தான் அந்த வெலையெல்லாம். இது மீதி. பால் புழிஞ்ச தேங்கா சக்க. உலகம் பூரா லட்சக்கணக்கான டன்னு எங்க கொட்டுறதுன்னு தெரியாம டேங்க்ல வச்சிருக்காங்க. ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

“அந்தக் குப்பியில கீறது இன்னா?”

“இரிடியம்.”

கல்பனாவுக்குத் தணிகாசலத்தின் கோயில் கலசக் கதை ஞாபகம் வந்தது. வாழ்நாள் முழுக்க இல்லாத இரிடியத்தை விற்றுக்கொண்டு திரிந்தவன், இருக்கிற இரிடியத்தை அது என்னவென்று தெரியாமல் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான்.

“எட்டு மாசம் ஆச்சு, வீரியம் கொறஞ்சிருக்கும்” என்றாள் ஜெபா. “ஆனா செத்துருக்காது. அக்கா, அத யாராவது கையால தொட்டாங்களா?”

கல்பனா திரும்பிப் பார்த்தாள். யார்டின் அந்தப் பக்கம் அன்புராஜ் இடது கையால் தண்ணீர் சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராக ஆபீசுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஹேமநாத் கேட்டார். மேஜைக்கு அடியில் இருந்த காலை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது வேறு: “திங்கக்கெழம வரைக்கும் பொறு கல்பனா. பார்ட்டி பேசிக்கினு கீறாரு. வித்துட்டு நாமளே சொல்லிடலாம். இப்ப சொன்னா யார்டுக்கு சீல் வச்சிடுவான். முப்பது பொம்பளைங்க எங்க போவாங்க? உன் பொண்ணு ஃபீசு?”

“என் ஊட்டுக்காரர் வெரலு வெந்துக்கினு கீது சார்.”

“நான் பாத்துக்கறேன். நல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்.”

அவர் குரலில் இருந்த கெஞ்சல் அவளைப் பயமுறுத்தியது. அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். தணிகாசலத்தின் நம்பரைக் கொடுத்தது மட்டும்தான் அன்று அவர் செய்த நல்ல காரியம். வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டாள்.

“யாரு? யார்டு பொம்பளையா? இன்னா, ஒன் மொதலாளி பங்கு ஜாஸ்தி கேக்கச் சொன்னானா?”

“அண்ணா, அந்தக் குப்பிய தூர வைங்க. எங்கயாவது ஆள் இல்லாத எடத்துல வச்சிட்டு பத்தடி, இருபதடி தள்ளிப் போங்க. அது ஒடம்ப எரிக்கும்.”

அவன் சிரித்தான். “இந்தக் கதைய நானே எத்தினி பேருக்கு சொல்லிக்கிறேன் தெரியுமா? கலசத்துக்கிட்ட போனா ரத்தம் கக்குவேன்னு சொல்லித்தான் யாரையும் தொட உடாம வச்சிருந்தோம். எனக்கே சொல்றியா நீ?”

“ரெண்டு நாளா ஒங்களுக்கு ஒடம்பு எப்டி கீது?”

“வாந்தி வந்துச்சு. ஓட்டல் சோறு. தொடையில ஏதோ பூச்சி கடிச்சி காந்துது. லாட்ஜு ஒரே மூட்டப்பூச்சி.”

“எந்தத் தொட அண்ணா? குப்பிய எந்தப் பாக்கெட்ல வச்சீங்க?”

பின்னால் எங்கோ பஸ் ஹாரன். பிறகு போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

அதன் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. ரிஜிஸ்டரை முந்தானையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வாசலில், கல்பனா பஸ்ஸிலிருந்து போன் போட்டு வரச் சொல்லியிருந்த ஜெபா பாதி நாள் லீவு போட்டுவிட்டு நின்றாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். அவள் கண் அழுது வீங்கியிருந்தது. “அந்தப் பொட்டிய குடுத்த எடத்துக்கே திருப்பி அனுப்பணும்னு எனக்குத் தெரியும் அக்கா. ஓனர் ஓடிப்போனப்பவே நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். சம்பள பாக்கி வராதோன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்” என்றாள்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி ரிஜிஸ்டரின் அட்டையைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். கல்பனா சொல்லச் சொல்ல அவர் மூன்று இடங்களுக்குப் போன் பேசினார். கடைசியில், “நீங்க அதத் தொட்டீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்ல” என்றாள் கல்பனா. அன்று குப்பியை வாங்க நீட்டிய வலது கையைப் பார்த்தாள். அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியமேட்டில் ஒரு லாட்ஜில் தணிகாசலத்தைக் கண்டுபிடித்தார்கள். நடக்க முடியாமல் படுத்திருந்தான். குப்பி பாக்கெட்டிலிருந்து தலையணைக்கு அடியில் மாறியிருந்தது. அவ்வளவு சொல்லியும் அவன் அதைத் தூர வைக்கவில்லை. அறைக்குள் யாரேனும் வந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். கல்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் நீளமான இடுக்கியால் அதைத் தூக்கி ஈயப் பானைக்குள் இறக்கினார்கள்.

இன்னொரு குழு யார்டுக்கு வந்தது. சேற்றின் மேல் மீட்டரைக் கொண்டுபோனபோது சில இடங்களில் அது படபடவென்று அடித்தது. அன்புராஜ் அறுத்த இடத்து மண்ணை மண்வெட்டியால் வாரி டிரம்மில் போட்டு மூடினார்கள். கட்டியை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அதற்கு யாரும் எந்த விலையும் சொல்லவில்லை. ஹேமநாத்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் கல்பனாவைப் பார்க்கவில்லை, கேட்டில் தொங்கிய பூட்டைத்தான் பார்த்தார்.

வாசலில் முப்பது பெண்களும் நின்றார்கள். ரோஜாதான் பேசினாள். “ஒரு போன்ல அத்தினி பேரு சோத்துலயும் மண்ண போட்டுட்ட. ஒன் புருஷன் வெரலுக்கு எங்க புள்ளைங்க வயிறா?” கல்பனா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்துக்கும் அந்தக் கட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல நினைத்தாள். ரோஜா பதினொரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவள். அன்று அவள் திரும்பிப் போனவள்தான், பிறகு பேசவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோதும் பாதிப் பேர் வரவில்லை. வேறு யார்டில் சேர்ந்திருந்தார்கள். கதிர் பட்டவள் என்று தெரிந்தால் அங்கேயும் வைத்துக்கொள்ள மாட்டார்களே என்று பயம்.

அன்புராஜின் விரல்கள் பத்தாம் நாள் கொப்பளித்தன. பிறகு கறுத்தன. சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டுக் கட்டைவிரலில் ஒரு கணுவையும் ஆள்காட்டி விரல் முழுவதையும் எடுத்தார்கள். வலி அவனைத் தூங்கவிடவில்லை. தூளை மூச்சில் இழுத்திருப்பதால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், மாதம் ஒருமுறை வர வேண்டும், எத்தனை வருடம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மோனிகா பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். “இப்ப நார்மல்தாம்மா” என்பாள். ‘இப்ப’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள்.

அதே வார்டில் நான்கு கட்டில் தள்ளி தணிகாசலம் கிடந்தான். வலது காலை இடுப்புக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். பார்க்க யாரும் வருவதில்லை. கல்பனா புருஷனுக்குக் கொண்டுபோகும் கஞ்சியில் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள். முதல் நாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு வாங்கிக் குடித்தான்.

ஒருநாள் அவளைக் கிட்டே கூப்பிட்டான். “இப்ப ரேட்டு இன்னா போவுது, பாத்தியா?”

“எதோட ரேட்டு?”

“யுரேனியம். ஏறிக்குதாம். பார்ட்டி போன் பண்ணாரு. வேற எடத்துல கட்டி கீதாம், ஆளு கேக்கறாரு.” ஒரு காலோடு கிடந்துகொண்டு அவன் அதைச் சொன்ன விதத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. காய்ச்சல்காரன் மாதிரி கண் மட்டும் மின்னியது.

“அது சக்க அண்ணா. யாரும் வாங்க மாட்டாங்க” என்றாள்.

“தெரியும். ஆபீசருங்க சொன்னாங்க. ஆனா பார்ட்டி நம்பிக்கினு கீறான் இல்ல?” என்றான். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே வேறு குரலில் சொன்னான்: “அவங்க கேட்டப்ப எனக்கு ஞாபகம் வரல. ட்ரெயின்ல எந்தப் பெட்டி, எந்த சீட்டு, பக்கத்துல யாருன்னு. பேப்பர்லகூட போட்டாங்களாமே, அந்த ட்ரெயின்ல வந்தவங்க ஆஸ்பத்திரியில ஒடம்ப காட்டணும்னு.”

“போட்டாங்க. யாரும் வரல.”

“இப்ப ஞாபகம் வருது. மீஞ்சூர்ல ஒரு அம்மா ஏறுச்சு. உக்கார எடம் இல்ல. பொண்ணு கொயந்த, மூணு வயசு இருக்கும். நான்தான் நவுந்து எடம் குடுத்தேன். அது தூங்கிட்ச்சு. தல சாய்ஞ்சி என் தொடமேல உயுந்துட்ச்சு. பாவம், தூங்கட்டும்னு அசையாம உக்காந்துக்கினு இருந்தேன். பேசின்பிரிட்ஜ் வரைக்கும்.”

“எந்தத் தொடை?” என்று கல்பனா கேட்கவில்லை. டம்ளரை அங்கேயே வைத்தாள். பிறகு போய் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். கதிர் பட்டிருந்தால் குழந்தையின் தலையில் அந்த இடத்தில் முடி கொட்டியிருக்கும் என்றார். அந்தத் தகவலை அதிகாரிகளுக்கு அனுப்புவதாகச் சொன்னார். பெயர் தெரியாத, ஊர் தெரியாத, முகம் ஞாபகமில்லாத ஒரு குழந்தையை எங்கே தேடுவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று மதியம் அவள் ஊருக்குத் திரும்பினாள். சென்ட்ரலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி மீஞ்சூரில் நின்றதும் கூட்டம் முண்டியடித்து ஏறியது. காய்கறிக் கூடை, ஸ்கூல் பை, ஷிப்ட் முடித்த ஆட்கள். மூன்று அம்மாக்கள் குழந்தையோடு ஏறினார்கள். ஒன்று அழுதது, ஒன்று பிஸ்கட் தின்றது. மூன்றாவது குழந்தைக்குத் தலையில் துணித் தொப்பி போட்டுத் தாடையில் நாடா முடிச்சுப் போட்டிருந்தது. வெயிலுக்குத்தான் போட்டிருப்பார்கள். திருத்தணிக்கோ திருப்பதிக்கோ மொட்டை அடித்திருக்கலாம்.

கல்பனா நகர்ந்து இடம் கொடுத்தாள். தொப்பிக் குழந்தையின் அம்மா உட்கார்ந்து அதை மடியில் இழுத்துக்கொண்டாள். கேட்டுவிடலாமா என்று கல்பனா வாய் வரைக்கும் வந்த சொல்லோடு இருந்தாள். என்னவென்று கேட்பது? பொன்னேரி போனது. கவரைப்பேட்டை போனது. குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.